வலையில் சிக்காத சிலியேட்டுகள்

கேள்வி: சென்னையில் முதுகலை விலங்கியல் படிக்கிறேன். அடையாறு முகத்துவாரம், காசிமேடு, கரையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் உள்ளே என மூன்று இடங்களில் 20 மைக்ரான் வலை இழுத்து, ஃபார்மலினில் போட்டு வைத்தேன். ஜாடி வடிவ டின்டினிட்கள் மட்டும்தான் தெரிகின்றன. மற்ற சிலியேட்டுகள் (நுண்மயிர் கொண்ட ஒருசெல் உயிரிகள்) நம் கடலில் இல்லையா?

பதில்: இருக்கின்றன, பெரும்பாலும் டின்டினிட்களைவிட அதிகமாகவே. ஸ்ட்ராம்பிடியம் போன்றவற்றுக்கு ஓடு கிடையாது. வலையில் உரசியதும் உடைந்துவிடும், சிறியவை கண்ணி வழியே நழுவிவிடும். தப்பியதை ஃபார்மலின் கரைத்திருக்கும். உங்களிடம் மிஞ்சியது ஓடு உள்ளவற்றின் கணக்கு மட்டும்.

அதனால் வலையை விட்டுவிட்டுத் தண்ணீரையே எடுங்கள். பாட்டிலில் முதலில் 2 மில்லி அமில லூகால் (அயோடின்) கரைசல், அப்புறம் 98 மில்லி கடல்நீர், மெதுவாக. இருட்டில் வையுங்கள். தேநீர் நிறம் வெளுத்தால் இன்னும் சில சொட்டு லூகால் விடுங்கள். உட்டர்மோல் கலத்தில் (அடியில் கண்ணாடி உள்ள படிவுக் குடுவை) குறைந்தது 24 மணி நேரம் படியவிட்டு, அடியிலிருந்து பார்க்கும் தலைகீழ் நுண்ணோக்கியில் எண்ணுங்கள். லூகால் பச்சையத்தின் ஒளிர்வை மறைத்துவிடும். பாசியின் பச்சையத்தைத் திருடி வைத்துக்கொள்ளும் மீசோடினியம் போன்றவற்றைப் பார்க்க, அன்றைக்கே உயிரோடு ஒரு துளி பார்த்துவிடுங்கள். அது துள்ளுகிற அழகுக்காகவாவது பார்க்கலாம்!

பழைய மாதிரிகளைக் கொட்டிவிட வேண்டாம். டின்டினிட்களில், ஓட்டில் மணல் துகள் ஒட்டிய டின்டினாப்சிஸ் கலங்கலான கரையோரத்துக்காரன். கண்ணாடி போன்ற ஓடுள்ள யூடின்டினஸ் உள்கடல் பக்கம் கூடும். முகத்துவாரத்திலிருந்து வெளியே போகப் போக இந்த விகிதம் மாறுகிறதா என்று பாருங்கள். ஓட்டின் வாய் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். அதில் கால்வாசி அளவுள்ள இரையைத்தான் டின்டினிட் அதிகம் விரும்பும். எந்த இடத்தில் எந்த அளவுப் பாசி கிடைக்கிறது என்பதற்கு அது ஒரு துப்பு.

எனக்கு உறுத்துவது நீங்கள் தேதியே எழுதாததுதான். வடகிழக்குப் பருவமழையில் கரையோர நீரோட்டம் தெற்கே திரும்பி, வங்கக் கடலின் வடபகுதி ஆறுகளின் உப்புக் குறைந்த நீரைக் கொண்டுவரும். பிப்ரவரி, மார்ச்சில் அதே நீரோட்டம் வடக்கே ஓடும். கோடையில் அடையாறு வாயை மணல்திட்டு அடைக்கும். ஏப்ரல் அடையாறையும் நவம்பர் காசிமேட்டையும் பக்கத்தில் வைத்தால், தெரிவது இடத்தின் வேறுபாடா, மாதத்தின் வேறுபாடா? மூன்று இடத்திலும் ஒரே நாளில், முடிந்தவரை ஒரே ஓதத்தில் எடுங்கள். உப்புத்தன்மையையும் வெப்பநிலையையும் அங்கேயே குறித்துவிடுங்கள்.

அறிக்கையில் வலை எண்ணிக்கையையும் பாட்டில் எண்ணிக்கையையும் ஒரே அட்டவணையில் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள்.