உலகில் ஆறே ஆறு இருக்கும் பேஸ்பால் கார்டு ஏன் 400 டாலருக்குப் போகிறது?

கேள்வி இது: “1888ஆம் ஆண்டு ஓல்ட் ஜட்ஜ் பேஸ்பால் கார்டு ஒன்று என் கைக்கு வந்திருக்கிறது. இதே படத்தில் மொத்தம் ஆறு கார்டுகள்தான் இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆனால் விலை கேட்டால் 400 டாலர் என்கிறார்கள். ஐம்பதுகளின் பேஸ்பால் நட்சத்திரம் மிக்கி மான்டிலின் கார்டு ஆயிரக்கணக்கில் கிடைக்கிறது, அது கோடிக்கணக்கில் போகிறதே. என்னை ஏமாற்றுகிறார்களா?”

ஏமாற்றவில்லை. அந்த 400 டாலர் பெரும்பாலும் சரியான விலையாகத்தான் இருக்கும். பதினைந்து வருடத்துக்கு மேலாக அமெரிக்காவில் இருந்துகொண்டு சிகரெட் பாக்கெட்டில் வந்த பழைய பேஸ்பால் கார்டுகளைச் சேர்த்து வருகிறேன். உங்கள் கேள்வி எனக்கும் வந்தது. பதில் புரிய ஒரு கார்டை நஷ்டத்துக்கு விற்க வேண்டியிருந்தது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அதுவும் ஓல்ட் ஜட்ஜ்தான். 1880களின் பிற்பகுதியில் நியூயார்க்கின் குட்வின் கம்பெனி தன் ‘ஓல்ட் ஜட்ஜ்’ சிகரெட்டோடு கொடுத்தவை இவை. ஒன்றரை அங்குல அகலம், இரண்டரை அங்குல உயரம். அச்சடித்த படம் கிடையாது. நிஜப் புகைப்படத்தையே கெட்டி அட்டையில் ஒட்டியிருப்பார்கள். அன்றைய கேமராவில் பறக்கிற பந்தைப் படமெடுக்க முடியாது. அதனால் ஆட்டக்காரரை ஸ்டுடியோவுக்குள் நிறுத்தி, பந்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, அதைப் பிடிக்கப் போவதுபோல் கையைத் தூக்கச் சொல்லி எடுத்தார்கள். என் கார்டில் அந்த நூல் தெரியும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், கைகளுக்கு மேலே தொங்கும் பந்திலிருந்து ஒரு முடியிழை மேலே போகும். படம் மொத்தமும் பழுப்பு. இடது ஓரத்தில் மட்டும் வெளிறி இளஞ்சிவப்பாகியிருந்தது. ஓமாஹா என்ற ஊரின் அணியில் ஆடிய, இன்று யாருக்கும் பெயர் தெரியாத ஒரு மனிதர்.

இதே போஸில் ஐந்துதான் வெளியே தெரியும் என்றார் விற்றவர். அது உண்மைதான், நானும் விசாரித்துப் பார்த்தேன். அதற்கு முந்தைய வருடம் அதே போஸ் கார்டு ஒன்று ஏலத்தில் 1,150 டாலருக்குப் போயிருந்தது. எனக்கு 650க்குக் கிடைத்ததும் பெரிய லாபம் என்று நினைத்தேன். இரண்டு வருடம் கழித்து ஏலத்துக்கு அனுப்பினேன். 310 டாலர் வந்தது. அதிலும் கமிஷன் கழிந்தது.

ஐந்து என்ற எண்ணிக்கை மாறவே இல்லை. அப்படியானால் 1,150 எப்படி 310 ஆனது? அதற்கான பதில் ஒரு கார்டு ஷோவில் தற்செயலாகக் கிடைத்தது. பக்கத்து மேசையில் ஓல்ட் ஜட்ஜ் புரட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் ஓமாஹா அணிக் கார்டுகளை மட்டுமே சேர்ப்பவர். முதல் ஏலத்தில் அந்தக் கார்டை எடுத்தவரே அவர்தான். அன்றைக்கு அவரோடு கடைசி வரை மோதியவர் இன்னொருவர். இந்தப் போஸ் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்து நாட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். ஏலத்தில் கடைசி விலையை முடிவு செய்வது இரண்டாவதாக நிற்கும் ஆள். முதல் ஏலத்தில் இரண்டாவது ஆள் 1,100 வரை வந்தார், அதனால் 1,150. என் ஏலத்தில் அந்த ஓமாஹா கார்டு சேர்ப்பவர் கலந்துகொள்ளவே இல்லை, அவரிடம்தான் இருக்கிறதே. மிச்சமிருந்தவருக்கு எதிரே கேட்டது மலிவாக வந்தால் எடுக்கலாம் என்று நின்ற ஒரு வியாபாரி. முந்நூறில் அவர் விலகிக்கொண்டார்.

ஐந்து கார்டு இருக்கிறது, வேண்டும் என்பவர் இரண்டு பேர். இதைத் தட்டுப்பாடு என்று எப்படிச் சொல்வது? ஆளைவிடக் கார்டு அதிகம். 1952இல் டாப்ஸ் என்ற கம்பெனி வெளியிட்ட மான்டில் கார்டு ஆயிரக்கணக்கில் இருக்கிறது, சரி. ஆனால் அதற்கு முன்னால் நிற்கும் வரிசை அதைவிடப் பலமடங்கு நீளம். ஒருவர் வாங்கிக்கொண்டு போனால் அடுத்தவர் அதே விலைக்குத் தயாராக நிற்கிறார். அங்கேதான் உண்மையில் தட்டுப்பாடு.

உங்கள் கார்டு இருக்கும் அதே செட்டுக்குள்ளேயே இதைப் பார்க்கலாம். ஓல்ட் ஜட்ஜில் ஐந்நூறு பேருக்கு மேற்பட்ட ஆட்டக்காரர்கள், ஒவ்வொருவருக்கும் பல போஸ்கள், ஆக மொத்தம் இரண்டாயிரத்தைத் தாண்டும். அதில் நாலு, ஐந்து என்று மட்டுமே மிஞ்சியவை ஏராளம். கேப் ஆன்சன் சிகாகோ அணி யூனிஃபார்மில் நிற்கும் கார்டும் விரல்விட்டு எண்ணக்கூடியதுதான். அது வெளியே வந்தால் ஓல்ட் ஜட்ஜ் சேர்ப்பவர்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆன்சன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிகப்பெரிய பெயர்களில் ஒருவர், பேஸ்பால் சாதனையாளர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இருப்பவர். (கறுப்பின ஆட்டக்காரர்களை ஒதுக்கி வைத்ததில் அவருக்கு இருந்த பங்கும் மறக்கக்கூடியதல்ல. அவர் கார்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.) கம்பெனியும் காலமும் அட்டையும் ஒன்றுதான், எண்ணிக்கையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆன்சனுக்கு முன்னால் கூட்டம் இருக்கிறது, என் ஓமாஹாக்காரருக்கு முன்னால் இல்லை.

சரி, அந்தக் கூட்டம் எங்கிருந்து வருகிறது? பலரும் தவறவிடும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். ஹோனஸ் வாக்னர் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி 1909 முதல் 1911 வரை வெளியிட்ட டி206 என்ற செட்டில் வந்தது. வாக்னர் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் ஷார்ட்ஸ்டாப் என்ற தடுப்பிடத்தில் ஆடியவர். 1936இல் ஹால் ஆஃப் ஃபேமுக்கு முதன்முதலாகத் தேர்வான ஐந்து பேரில் ஒருவர். தன் படத்தை வெளியிட வாக்னர் சம்மதிக்காததால் அந்தக் கார்டை அச்சிடுவதை நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகள் புகையிலை வாங்கத் தன் படம் காரணமாகக் கூடாது என்றார் என்பது ஒரு கதை, காசு தராததால் மறுத்தார் என்பது இன்னொரு கதை. அறுபதுக்குள்தான் இன்று மிஞ்சியிருக்கின்றன. 2022இல் ஒன்று 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது.

ஆனால் இதே செட்டில் வாக்னரைவிட அரிதான கார்டு ஒன்று இருக்கிறது. அன்றைய பெரிய லீக்குகள் இரண்டு, அமெரிக்கன், நேஷனல். ஜோ டாயில் நியூயார்க்கின் அமெரிக்கன் லீக் அணியில் பந்து வீசியவர். அதே ஊரின் நேஷனல் லீக் அணியில் லாரி டாயில் என்று ஒருவர் இருந்ததால் குழம்பிப்போய், ஜோவின் கார்டில் ‘நேஷனல்’ என்று தவறாக அச்சடித்துவிட்டார்கள். சீக்கிரமே திருத்தியும் விட்டார்கள். தப்பிப்போன பிழைக் கார்டுகள் பத்தை ஒட்டித்தான் தெரியவந்திருக்கின்றன. வாக்னரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் விலையில் வாக்னரை நெருங்க முடியவில்லை. டி206 பைத்தியம் பிடித்தவர்களுக்கு மட்டும்தான் டாயில் வேண்டும். வாக்னரோ பேஸ்பாலே பார்க்காத பணக்காரருக்கும் வேண்டும்.

அப்புறம் இதையும் கவனியுங்கள். டாயிலுக்கு அவ்வளவாவது விலை கிடைக்கிறதே, அது எதனால்? டி206 செட்டில் 524 கார்டுகள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை சுலபமாகக் கிடைக்கும். நூறு டாலருக்குக் குறைவாகவே கொஞ்சம் கசங்கிய ஒன்றை இன்றும் வாங்கலாம். அந்த வண்ணமும் பின்பக்கத்து பீட்மான்ட், ஸ்வீட் கேபோரல் விளம்பரமும் பிடித்துப்போய் ஒருவர் பத்து வாங்குவார், ஐம்பது வாங்குவார், பிறகு முழு செட்டையும் முடிக்க வேண்டும் என்று கிளம்புவார். அப்படிக் கிளம்பிய ஆயிரக்கணக்கானவர்களின் பட்டியலில் கடைசியில் வந்து நிற்பவைதான் வாக்னரும், இன்னொரு அரிய கார்டான எட்டி பிளாங்கும், டாயிலும். சாதாரணக் கார்டுகள் இப்படி ஏராளமாகக் கிடைப்பதுதான் அரிய கார்டுக்கு வாடிக்கையாளரை உருவாக்குகிறது. செட் மொத்தமும் அரிதாக இருந்தால் தொடங்கவே ஆள் வராது. ஓல்ட் ஜட்ஜ் முழு செட்டை யாரும் முடித்ததில்லை, முடிக்கவும் முடியாது. அதனால் “இந்த ஒன்று மட்டும் இல்லை” என்ற அரிப்போடு உங்கள் கார்டைத் தேடி யாரும் வருவதில்லை.

அந்த அரிப்பைக் கம்பெனிகளும் நன்றாகவே தெரிந்து வைத்திருந்தன. 1933இல் கௌடி பபிள்கம் செட்டில் 106ஆம் எண் கார்டை வெளியிடவே இல்லை. பிள்ளைகள் அதைத் தேடித் தேடி கம் வாங்கினார்கள். புகார் எழுதியவர்களுக்கு அடுத்த வருடம் அந்த எண்ணில் நாப் லாஜோய் கார்டை அச்சடித்துத் தபாலில் அனுப்பினார்கள். இன்றும் அந்த செட்டில் மிக விலையுயர்ந்த கார்டுகளில் அது ஒன்று.

மான்டில் கதை இன்னும் தெளிவானது. 1952 டாப்ஸில் 311 முதல் 407 வரையிலான கார்டுகள் சீசன் முடியும் தறுவாயில் கடைக்கு வந்தன. விற்காமல் தங்கிப்போன மிச்சத்தை 1960இல் படகில் ஏற்றி அட்லான்டிக் கடலில் கொட்டினேன் என்று டாப்ஸின் சை பெர்கரே சொல்லியிருக்கிறார். ‘கடலில் போனதால் அரிது, அரிதானதால் விலை’ என்று எல்லோரும் இந்தக் கதையோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் மான்டிலின் 311ஆம் எண் கார்டு அச்சுத்தாளில் இரண்டு இடத்தில் இருந்தது. ஜாக்கி ராபின்சன், பாபி தாம்சன் இருவருக்கும் அப்படியே. அதாவது அதே வரிசையின் மற்ற கார்டுகளை அச்சிட்டதே மான்டிலில் பாதிதான். அந்த ‘பாதி’க் கார்டுகளில் சாதாரண ஆட்டக்காரருடையதைச் சுமாரான நிலையில் சில நூறு டாலருக்கு வாங்கலாம். மடிந்து கிழிந்த மான்டில்கூடப் பத்தாயிரம் டாலருக்குக் கீழே சுலபத்தில் வராது. நல்ல நிலையில் இருந்த ஒன்று 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்குப் போனது. இத்தனைக்கும் அது அவருடைய ரூக்கி கார்டுகூட (முதல் வருடக் கார்டு) இல்லை. ரூக்கி கார்டு 1951இல் போமன் கம்பெனி வெளியிட்டது. ஐம்பதுகளில் பையன்களாக இருந்தவர்கள் வளர்ந்து கையில் காசு வந்தபோது, 1952 டாப்ஸ் செட்டைத்தான் தேடினார்கள். அந்த ஆசை அவர்கள் பிள்ளைகளுக்கும் தொற்றிக்கொண்டது.

அதே செட்டின் முதல் எண் ஆண்டி பாஃப்கோ. நல்ல ஆட்டக்காரர், ஆனால் மான்டில் இல்லை. பையன்கள் கார்டுகளை எண் வரிசையில் அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு வைப்பார்கள். மேலே இருக்கும் முதல் கார்டை அந்த ரப்பர் பேண்ட் அறுத்துவிடும். அதனால் பழுதில்லாத பாஃப்கோ கிடைப்பதே இல்லை. கார்டின் நிலைக்கு மதிப்பெண் போடும் பி.எஸ்.ஏ. நிறுவனத்திடம் உச்சமான 10 கிரேடு வாங்கிய ஒன்று 1998இலேயே 83,000 டாலரைத் தாண்டியது. நைந்துபோன பாஃப்கோ அதோடு ஒப்பிட்டால் மலிவு. இங்கே அரிதாக இருப்பது அந்த நிலை. அந்த நிலையில்தான் வேண்டும் என்று போட்டி போடும் கூட்டமும் தனியாக இருக்கிறது.

இதோடு ஒட்டி ஒரு எச்சரிக்கை. “இந்தக் கார்டை பி.எஸ்.ஏ. இதுவரை மூன்றுதான் கிரேடு செய்திருக்கிறது” என்று யாராவது விற்க வந்தால், உலகில் மூன்றுதான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கிரேடிங்குக்குக் கட்டணம் உண்டு. ஐந்து டாலர் கார்டை முப்பது டாலர் கொடுத்து யார் அனுப்புவார்கள்? அந்த ‘மூன்று’ பல நேரங்களில் யாரும் சீந்தவில்லை என்பதன் அடையாளம். இதற்கு நேர் எதிர் 1989இல் அப்பர் டெக் கம்பெனி வெளியிட்ட கென் கிரிஃபி ஜூனியர் என்ற ஆட்டக்காரரின் கார்டு. பல பத்தாயிரம் கார்டுகள் கிரேடாகி இருக்கின்றன. 10 வாங்கியவையே ஆயிரக்கணக்கில். ஆனாலும் அந்த 10 கார்டு ஆயிரம் டாலருக்கு மேல் விற்றிருக்கிறது. விற்க நினைத்தால் இன்று ராத்திரிக்குள் விற்றுவிடலாம். உங்கள் கார்டை அப்படி விற்க முடியாது, சரியான ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

எனவே உங்கள் கார்டுக்கு நான் செய்யச் சொல்வது: எத்தனை இருக்கிறது என்று தேடுவதை நிறுத்திவிட்டு, யாருக்கு வேண்டும் என்று தேடுங்கள். படத்தின் கீழே பெயரும் அணியும் இருக்கும். எந்த ஊர் அணி? அந்த ஊரின் கார்டுகளைச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்களா? கலிபோர்னியா லீக் அணியாக இருந்தால் உடனே நிறுத்துங்கள், 400க்குக் கொடுத்துவிடாதீர்கள். ஓல்ட் ஜட்ஜிலேயே அவற்றுக்குத் தனி மவுசு. அந்த ஆட்டக்காரர் பின்னால் நடுவராகவோ மேலாளராகவோ பெயர் எடுத்தாரா? படத்தில் நாய், சின்னப் பையன், இரண்டாவது ஆள் என்று ஏதாவது விசேஷம் உண்டா? பழைய ஏலங்களில் இதே போஸ் விற்ற விலைகளை எடுத்துப் பாருங்கள். ஒரே ஒரு பெரிய விலையை நம்பாதீர்கள், நான் அப்படித்தான் அந்த 1,150ஐ நம்பினேன். எத்தனை பேர் கேட்டார்கள், அடுத்த முறை எவ்வளவுக்குப் போனது என்று பாருங்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், வெயில்படும் இடத்தில் சட்டம் போட்டு மாட்டிவிடாதீர்கள். அந்தப் புகைப்படங்கள் வெளிச்சத்தில் வெளிறிப்போகும், போனால் திரும்பாது. என்னிடம் இருந்ததன் இடது ஓரம் அப்படித்தான் போயிருந்தது. பெயரையும் ஊரையும் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். ஓமாஹா என்றால் அந்த கார்டு ஷோ நண்பரின் தொடர்பு என்னிடம் இருக்கிறது, அவரிடம் இல்லாத போஸா என்று கேட்டுச் சொல்கிறேன்.