கைப்பிடி கேபினட்: 30 செ.மீ. கார்டு ஏன் இடிக்குது?

கம்ப்யூட்டரை வாராவாரம் பஸ்ல தூக்கிட்டுப் போக 18 லிட்டர் கேபினட் (கம்ப்யூட்டர் பெட்டி) வாங்கலாமா, பழைய கேபினட்டுல கிராபிக்ஸ் கார்டு ஏன் இடிக்குதுன்னு கேட்டிருந்தீங்க. அந்த 18 லிட்டர் கேபினட்டை வாங்காதீங்க, உங்க மதர்போர்டே அதுல உக்காராது. நீங்க வச்சிருக்கிறது 24.4 செ.மீ. சதுர மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவு போர்டு. அந்தப் பெட்டியோ 17 செ.மீ. சதுர மினி ஐடிஎக்ஸ்ங்கிற சின்ன போர்டுக்கு மட்டும். வாராவாரம் மதுரை ஆரப்பாளையத்துல தேனி பஸ் ஏறணும்னா, கைப்பிடி வச்ச மைக்ரோ ஏடிஎக்ஸ் கேபினட்டாப் பாருங்க.

'32 செ.மீ. வரை'ன்னு போட்ட பழைய கேபினட்டுல உங்க 30 செ.மீ. கார்டு இடிச்சதுக்குக் காரணம் அனேகமா முன்பக்க ஃபேன். அதோட தடிமன் 2.5 செ.மீ., மிஞ்சுறது 29.5தான். ஃபேனைக் கழட்டிட்டு ஒருதடவை மாட்டிப் பாருங்க. கார்டு தடிமனையும் டேப்பால அளந்துக்கோங்க. பவர் வயர் செருகுற பக்கம் வயர் மடங்காத அளவு இடம் வேணும், வயரை மடக்கி அமுக்கினா ஆபத்து.

பக்கக் கண்ணாடி வேண்டவே வேண்டாம். உசிலம்பட்டி வேகத்தடை ஒண்ணுல என் கண்ணாடி கற்கண்டு மாதிரி பொலபொலன்னு உதிர்ந்துச்சு. ஓட்டை போட்ட தகடுன்னா சித்திரை வெயிலுக்கும் நல்லது.

ஒண்ணு மட்டும்: கைப்பிடி இருக்குன்னு கார்டை மாட்டினபடியே தூக்கிட்டுப் போகாதீங்க. குலுங்குற குலுக்கல்ல கார்டோட எடை, அதைச் செருகுற ஸ்லாட்டைப் போட்டு இழுக்கும். கழட்டி, அதோட கவர்ல போட்டு மடியில வச்சுக்கோங்க.