ஸ்ப்ரேயைக் கீழ வைங்க, ட்ராப்ல தண்ணி இருக்கா பாருங்க

கேள்வி: அக்கா, லீவுக்கு வர்றவங்களுக்கு வாடகைக்கு விடுற ஒரு சின்ன வீடு எங்ககிட்ட இருக்கு. ரெண்டு மூணு வாரம் பூட்டிக் கிடந்துட்டு அப்புறம் கெஸ்ட் வந்தா முதல் நாளே போன் வந்துடுது, பாத்ரூம் சுவர் பூரா குட்டி குட்டி பூச்சின்னு. ஒவ்வொரு தடவையும் ஸ்ப்ரே அடிக்கிறோம், நாலு நாள்ல திரும்பவும் அதே கதை. கடைசியா வந்தவங்க ரிவ்யூல "வீடு சுத்தமில்ல"ன்னு எழுதிட்டாங்க, மனசே விட்டுப்போச்சு.

பதில்: ரிவ்யூவை விடுங்க, அடுத்த கெஸ்ட் வர்றதுக்குள்ள சரி பண்ணிடலாம். தட்டினா கொஞ்ச தூரம் பறந்து திரும்ப சுவத்துலயே போய் உக்காருதா, கிட்டத்துல பாத்தா உடம்பெல்லாம் முடியோட குட்டி அந்துப்பூச்சி மாதிரி இருக்கா? அப்படின்னா அது வடிகால் ஈ, இங்கிலீஷ்ல drain fly. 2ல இருந்து 5 மில்லிமீட்டர்தான் இருக்கும், கடிக்காது. தண்ணி போற பைப்போட உள்பக்கத்துல முடியும் சோப்பும் பிசுக்கும் சேர்ந்து வழவழன்னு ஒரு படலம் பிடிக்கும்ல, அதுலதான் முட்டை போடும், புழுவும் அதையேதான் தின்னு வளரும். முட்டை ஈயா மாற 1ல இருந்து 3 வாரம் ஆகும். உங்க வீடு பூட்டிக் கிடக்குறதும் கரெக்டா அவ்ளோ நாள்தான், அதாவது கெஸ்ட் கதவைத் திறக்குறப்போ ஒரு பேட்ச் ரெடியா இருக்கு! ஸ்ப்ரே பறக்குறதைத்தான் கொல்லும், பைப்புக்குள்ள இருக்குற புழுவுக்கு ஒண்ணும் ஆகாது, அதான் நாலு நாள்ல அடுத்தது வருது.

பூட்டின வீட்டுக்குன்னே இன்னொரு தொல்லை இருக்கு. சிங்க்குக்கு அடியிலயும் பாத்ரூம் தரையிலயும் பைப் வளைஞ்சு கொஞ்சம் தண்ணி தேங்கி நிக்கும், பிளம்பர் ட்ராப்னு சொல்வாங்க. சாக்கடை நாத்தமும் பூச்சியும் மேல வராம அடைச்சு வச்சிருக்குறது அந்தத் தண்ணிதான். யாரும் குழாயே திறக்கலன்னா அது காஞ்சுடும், அப்புறம் சாக்கடைக்கும் உங்க பாத்ரூமுக்கும் நடுவுல தடுப்பே இல்ல. வாரத்துக்கு ஒரு தடவை யாரையாவது அனுப்பி எல்லா ஓட்டையிலயும் தண்ணி விடச் சொல்லுங்க, யாரும் பயன்படுத்தாத ரெண்டாவது பாத்ரூமை மறந்துடாதீங்க, பெரும்பாலும் அதுதான் குற்றவாளி. ஆள் அனுப்ப முடியாதுன்னா தண்ணி விட்டுட்டு மேல ரெண்டு ஸ்பூன் எண்ணெய் ஊத்தி வைங்க, சீக்கிரம் ஆவியாகாது.

எந்த ஓட்டைன்னு தெரியலையா? ராத்திரி ஒவ்வொண்ணு மேலயும் டேப்பை ஒட்டுற பக்கம் கீழ பாக்குற மாதிரி, காத்து போக கொஞ்சம் இடம் விட்டு ஒட்டுங்க, மூணு நாலு ராத்திரி பண்ணுங்க, எதுல பூச்சி ஒட்டியிருக்கோ அதுதான். சல்லடை மூடியைக் கழட்டி நீளமான பிரஷ் விட்டு நல்லா தேயுங்க, வேலையே அந்தத் தேய்க்கிறதுதான். வெறும் பிளீச்சிங் ஊத்தினா அது படலத்து மேல வழிஞ்சு ஓடிடும், கொதிக்கிற தண்ணி பிவிசி பைப்பை நெளிச்சிடும், பிளீச்சிங்கோட ஆசிட்டைக் கலந்தா விஷவாயு வரும், அதை மட்டும் செய்யவே செய்யாதீங்க. இவ்ளோ பண்ணியும் நிக்கலன்னா தரைக்கு அடியில பைப் உடைஞ்சிருக்கலாம், பிளம்பரைக் கூப்பிடுங்க.

கேள்வி: நாங்க கெஸ்ட் சைடு. நாலு ராத்திரிக்கு எடுத்த வீட்டுல கிச்சன்ல பூச்சி மொய்க்குது, ஓனர் போனை எடுக்க மாட்டேங்குறார்.

பதில்: முதல் நாளே போட்டோ எடுத்து மெசேஜ்ல அனுப்பி வைங்க, கிளம்புற அன்னிக்கு சொன்னா "நீங்க போட்ட குப்பைதான்"னு முடிச்சிடுவாங்க. கண்ணு செவப்பா இருந்தா பழ ஈ. ஒரு பெண் ஈ நூத்துக்கணக்குல முட்டை போடும், சூடான நாள்ல பத்து நாள்ல அடுத்த தலைமுறை பறக்கும், அதனால நாலு நாள்ல வம்சத்தையே ஒழிக்கணும்னு கிளம்பாதீங்க. குப்பைக் கூடையைக் காலி பண்ணி கழுவுங்க, அடியில தேங்கின தண்ணிதான் முக்கியம். காலி பாட்டில், சிங்க்குக்கு அடியில் கிடக்குற ஈரத்துணி, பழம் எல்லாத்தையும் அப்புறப்படுத்துங்க. ஒரு கிளாஸ்ல வினிகர் கொஞ்சம், பாத்திரம் கழுவுற லிக்விட் ஒரு சொட்டு. லிக்விட் விடலன்னா பூச்சி தண்ணி மேல ஜம்முனு உக்காந்து குடிச்சிட்டு போயிடும், விட்டா முங்கிடும். நான் ஒரு தடவை இப்படி ஒரு வீட்டுல ரெண்டு நாள் கிச்சனையே புரட்டிப் பாத்தேன், கடைசியில கதவுக்குப் பின்னாடி பக்கெட்ல ஊறிக்கிட்டிருந்த மாப்லருந்து வந்திருக்கு!

கேள்வி: தொட்டிச் செடியைச் சுத்தி கறுப்பா பறக்குறது?

பதில்: மண்ணு ஈரமாவே இருக்குறதால வர்றது. பூட்டிட்டு போறப்போ பாவம்னு ரொம்ப தண்ணி ஊத்தாதீங்க, மேல் மண்ணு ரெண்டு மூணு சென்டிமீட்டர் காயட்டும், மஞ்சள் ஒட்டு அட்டை ஒண்ணு குத்தி வைங்க. இல்லாட்டி வாடகை வீட்டுக்கு பிளாஸ்டிக் செடி போதும், யாரும் கேக்கப் போறதில்ல.

கேள்வி: பூச்சி எதுவும் கண்ணுல படல, ஆனா பூட்டின வீட்டுக்குள்ள ஜன்னல் ஓரமா நிறைய ரெக்கை மட்டும் உதிர்ந்து கிடக்கு.

பதில்: ரெக்கை எல்லாம் ஒரே நீளத்துல இருந்தா ஈசல், அதாவது ரெக்கை முளைச்ச கரையான். எறும்புன்னா முன் ரெக்கை பெருசா இருக்கும். பெருக்கித் தள்ளிடாதீங்க, கொஞ்சத்தைக் கவர்ல போட்டு வச்சுட்டு கரையான் பாக்குற ஆளை வரச்சொல்லுங்க, ஜன்னல் கட்டையைத் தட்டியும் பாருங்க, உள்ள கூடா இருந்தா சத்தமே காட்டிக் கொடுத்துடும்.