கையடக்கப் பெட்டிக்குள் பழைய கேம் கன்சோல்: வாசகர் கேள்வி - பதில்

பழைய கேம் கன்சோலைக் கையில் பிடித்து விளையாடும் கருவியாக மாற்றுவது பற்றியும், அதற்கான பெட்டியை வீட்டிலேயே செய்வது பற்றியும் வந்த கேள்விகளுக்கு இம்முறை பதிலளிக்கப்படுகிறது.

கேள்வி: 16 பிட் காலத்துக் கன்சோல் ஒன்று என்னிடம் சும்மா கிடக்கிறது. அதன் போர்டையும் ஒரு சிறிய திரையையும் பேட்டரியையும் ஒரே பெட்டிக்குள் அடக்க நினைக்கிறேன். பெட்டியை முதலில் 3டி பிரின்டரில் அச்சிட்டு வைத்துக்கொண்டு, பிறகு பாகங்களைத் தேடலாமா?

பதில்: வேண்டாம். பெட்டியின் அளவை உள்ளே போகும் பாகங்களே முடிவு செய்கின்றன. எல்லாப் பாகங்களையும் மேசைமேல் பரப்பி, வயர்களால் இணைத்து, விளையாட்டு ஒரு மணி நேரமாவது தடங்கலின்றி ஓடுகிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகே வெர்னியர் அளவியைக் கையில் எடுக்க வேண்டும்.

நீளம், அகலம் இரண்டையும் ஓரளவு விட்டுக்கொடுக்கலாம். தடிமனில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். முன்சுவர் 2.5 மி.மீ., திரையும் அதன் பின்னுள்ள சிறு போர்டும் 10 மி.மீ., கன்சோல் போர்டில் மிக உயரமான பாகம் வரை 15 மி.மீ., இடைவெளி 2 மி.மீ., பின்சுவர் 2.5 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 32 மி.மீ. ஆகிறது. 18650 வகை லித்தியம் செல்லின் விட்டம் 18 மி.மீ. என்பதால், அதைப் போர்டுக்குப் பின்னால் வைத்தால் பெட்டி 50 மி.மீ. தடிமனாகிவிடும், அதைக் கையடக்கக் கருவி என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். அதே செல்களை இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாகப் பொத்தான்களுக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். முன்சுவர் 2.5, பொத்தான் தொகுதி 8, செல் 18.5, பின்சுவர் 2.5 என்று 31.5 மி.மீ.க்குள் முடிந்துவிடுகிறது. பெட்டி பருக்கவில்லை என்பதோடு, ஒவ்வொன்றும் 45 கிராமுக்குக் குறையாத அந்தச் செல்களின் எடை நேரே உள்ளங்கையில் இறங்குவதால் மணிக்கட்டும் வலிக்காது.

இந்த அமைப்பு முடிவானதும் அட்டையில் ஒரு மாதிரிப் பெட்டி வெட்டி, பாகங்களையே உள்ளே வைத்து, அரை மணி நேரம் விளையாடுவதுபோலப் பிடித்துப் பாருங்கள். கட்டைவிரல் தானாக எங்கே போய் அமர்கிறதோ அங்கே பென்சிலால் புள்ளி வையுங்கள். பொத்தான்களின் இடத்தை அந்தப் புள்ளிகளைக் கொண்டு முடிவு செய்யலாம். கணினித் திரையில் அழகாகத் தெரிந்த இடம் பெரும்பாலும் கைக்கு ஒத்துவருவதில்லை.

கேள்வி: பொத்தான்களுக்குக் கடையில் கிடைக்கும் சிறிய தட்டு ஸ்விட்ச்சுகளைப் பயன்படுத்தலாமா, பழைய கன்ட்ரோலரைப் பிரிப்பது நல்லதா?

பதில்: கன்ட்ரோலரைப் பிரிப்பதே நல்லது. தட்டு ஸ்விட்ச்சுகள் வேலை செய்யும். ஆனால் ஒவ்வோர் அழுத்தத்துக்கும் 'டிக்' என்று ஒலிக்கும், விரலும் விரைவில் சலிக்கும். கன்ட்ரோலரில் உள்ள பொத்தான்கள், அவற்றின் கீழுள்ள ரப்பர் பட்டை, கார்பன் தடங்கள் கொண்ட போர்டு ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்யப்பட்டவை. நின்டென்டோவின் 8 பிட், 16 பிட் கன்ட்ரோலர்களுக்குள் 4021 வகை ஷிப்ட் ரிஜிஸ்டர் (பொத்தான்களின் நிலையை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வயரில் அனுப்பும் சிப்) இருப்பதால், எத்தனை பொத்தான்கள் இருந்தாலும் கன்சோலுக்கு 5 வயர்கள் மட்டுமே செல்கின்றன. குறுகிய பெட்டிக்குள் இது பெரிய வசதி. போர்டை நடுவில் அறுத்து இடம், வலம் என்று பிரிக்க வேண்டியிருந்தால், எந்தத் தடம் எங்கே செல்கிறது என்பதை முதலில் படமெடுத்து, மல்டிமீட்டரால் சரிபார்த்துக்கொண்டு, பிறகு அறுங்கள்.

பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. முகப்பின் உட்புறத்திலிருந்து கன்ட்ரோலர் போர்டு வரையுள்ள இடைவெளி, பழைய கன்ட்ரோலரில் இருந்த அதே அளவில் புதிய பெட்டியிலும் இருந்தாக வேண்டும். ஒரு மி.மீ. கூடினால் பொத்தான் முழுவதும் அமுங்கியும் ரப்பர் தடத்தைத் தொடாது. குறைந்தால் விரலை எடுத்த பிறகும் பொத்தான் அமுங்கியே நிற்கும். ஆகவே கன்ட்ரோலரைப் பிரிக்கும்போதே அந்த உயரத்தை அளந்து எழுதி வையுங்கள். போர்டின் முதுகுப்புறம் அழுத்தத்தில் வளையாதபடி, பொத்தான்களுக்கு நேர் பின்னால் தாங்கு கட்டைகளும் வேண்டும். பொத்தான் துளைகளைச் சுற்றிலும் 0.3 மி.மீ. அளவுக்கு இடைவெளி விடுவது அச்சிட்ட பெட்டிகளுக்குப் பொருந்தும். நான்கு திசைப் பொத்தானின் அடியில் நடுவே இருக்கும் குமிழை மட்டும் எக்காரணம் கொண்டும் வெட்டிவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் எதிரெதிர்த் திசைகள் ஒரே நேரத்தில் அமுங்கும்.

கேள்வி: கன்சோல் அரை மணி நேரத்தில் கொதிக்கிறது. பெட்டியில் துளைகள் போட்டால் போதுமா?

பதில்: துளைகள் தேவைதான், ஆனால் வெப்பம் பிறக்கும் இடத்தை முதலில் கவனியுங்கள். அக்காலக் கன்சோல்கள் பலவற்றில், அடாப்டர் தரும் 9 அல்லது 10 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்க 7805 என்ற ரெகுலேட்டர் இருக்கும். மிச்சமாகும் வோல்ட்டேஜ் முழுவதையும் அது வெப்பமாகவே வெளியேற்றுகிறது: 9 வோல்ட் உள்ளே சென்று 1 ஆம்பியர் ஓடினால் 4 வாட் வீண். அலுமினியத் தகடு ஒன்று அதனோடு திருகப்பட்டிருப்பதும் இதனால்தான். அந்த ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, 5 வோல்ட் தரும் சிறிய ஸ்விட்ச்சிங் கன்வெர்ட்டர் (மிச்ச வோல்ட்டேஜை வெப்பமாக வீணாக்காமல் மாற்றித் தரும் போர்டு) ஒன்றை அதே இடத்தில் இணைத்தால் வெப்பத்தின் பெரும்பகுதி போய்விடும், தகடு பிடித்திருந்த இடமும் மிச்சமாகும். 7805 சரிவர இயங்க ஏறத்தாழ 7 வோல்ட் உள்ளே வர வேண்டும் என்பதால், தொடராக இணைத்த இரண்டு லித்தியம் செல்களில் மின்னூட்டம் மிச்சமிருக்கும்போதே விளையாட்டு நின்றுபோகும் தொல்லையும் இதனால் தீர்கிறது.

துளைகளைப் பின்சுவரின் கீழ்விளிம்பிலும் மேல்விளிம்பிலும் நீள்வரிகளாக வையுங்கள். நடுப்பகுதியைக் கைவிரல்கள் மூடிவிடும். போர்டைச் சுற்றியுள்ள உலோகக் கவசத்தை நீக்குவோர், அது சில கன்சோல்களில் கிரவுண்ட் (மின்சுற்றின் பொதுவான 0 வோல்ட்) இணைப்பாகவும் வெப்பம் கடத்தும் தகடாகவும் பயன்படுவதை மறக்கக் கூடாது.

கேள்வி: 2,500 மில்லி ஆம்பியர் மணி செல்கள் இரண்டு வைத்தால் எவ்வளவு நேரம் விளையாடலாம்? பாதுகாப்பு பற்றியும் சொல்லுங்கள்.

பதில்: ஒரு செல்லுக்குச் சராசரி 3.6 வோல்ட் என்று கொண்டால் இரண்டிலும் சேர்த்து 18 வாட் மணி இருக்கிறது. கன்வெர்ட்டரில் இழப்பது போக 15 வாட் மணி கிடைக்கும். கன்சோலுக்கு 4 வாட், திரைக்கும் ஒலிக்கும் 3 வாட் என்றால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். குறைவு என்று தோன்றினால், 1990இல் வந்த சேகா கேம் கியர் 6 ஏ.ஏ. பேட்டரிகளைப் போட்டும் 3 முதல் 5 மணி நேரமே ஓடியது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வண்ணத் திரையின் பின்விளக்கு அன்றும் இன்றும் மின்சாரத்தை விழுங்கும் பாகமே.

பாதுகாப்பில் சமரசம் கூடாது. செல்லின் மேல் நேரடியாகச் சால்டர் வைக்காதீர்கள். நிக்கல் பட்டை ஒட்டவைக்கப்பட்ட செல்லை வாங்கி, அந்தப் பட்டையில் வயரை இணையுங்கள். பாதுகாப்பு போர்டும் ஒரு பியூஸும் கட்டாயம். புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, ஒரே வோல்ட்டேஜில் இருக்கும் இரு செல்களைப் பக்க இணைப்பாக (நேர்முனையோடு நேர்முனை, எதிர்முனையோடு எதிர்முனை) வைத்து, 4.2 வோல்ட்டில் நிறுத்தும் ஒற்றைச் செல் சார்ஜரும், 5 வோல்ட்டாக உயர்த்தும் கன்வெர்ட்டரும் சேர்ப்பதே. தொடர் இணைப்பானால் இரு செல்களையும் சமன்செய்யும் சார்ஜர் தேவைப்படும். மலிவாகக் கிடைக்கும் டி.பி. 4056 சார்ஜர் போர்டைப் பயன்படுத்துவோர், சார்ஜ் ஏறும்போது விளையாட வேண்டாம். மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைவதைப் பார்த்தே அது சார்ஜை நிறுத்துகிறது. கன்சோலும் உடன் இழுத்துக்கொண்டிருந்தால் நிறுத்த வேண்டிய நேரம் அதற்குத் தெரியாது.

பெட்டியை வரையும்போது, செல்லுக்கு அருகில் வரும் ஒவ்வொரு ஸ்குரூவின் நுனியும் எங்கே முடிகிறது என்று பாருங்கள். கொஞ்சம் நீளமான மாற்று ஸ்குரூ ஒன்று செல்லின் உறையைத் துளைத்தால் தீப்பிடிக்கும். செல்களுக்கென்று தனி அறையும், ஸ்குரூவுக்கும் அவற்றுக்கும் நடுவே ஒரு முழுச் சுவரும் இருக்கட்டும்.

கேள்வி: 5 அங்குல அகலத்திரை வாங்கலாமா?

பதில்: பழைய கன்சோல்களின் படம் 4:3 விகிதத்தில் அமைந்தது. 16:9 விகிதமுள்ள 5 அங்குலத் திரையில் அதை இழுக்காமல் காட்டினால், படம் 4.1 அங்குலமாகவே இருக்கும். இருபுறமும் கறுப்புப் பட்டைகளுக்காகப் பெட்டியை அகலமாக்குவீர்கள். 3.5 அங்குல 4:3 திரை 71 மி.மீ.க்கு 53 மி.மீ. அளவுதான், பெட்டி சிறிதாகும், ஆனால் கதை நிறைந்த விளையாட்டுகளில் எழுத்தைப் படிக்கக் கண் சுருங்கும். காரின் பின்பக்கக் கேமராவுக்காக விற்கப்படும் திரைகள் இந்த வேலைக்குப் பரவலாகப் பயன்படுகின்றன. அவற்றில் 12 வோல்ட் என்று எழுதியிருந்தாலும், பலவற்றின் உள்ளே அதைக் குறைக்கும் பகுதி ஒன்று இருக்கும். கன்சோல் அனுப்பும் 240 வரிப் படத்தைச் சில திரைகள் இடைவரிப் படமாக (ஒற்றை வரிகளையும் இரட்டை வரிகளையும் மாறி மாறி அனுப்பும் படமாக) தவறாக எடுத்துக்கொண்டு நடுங்கச் செய்கின்றன. ஆகவே வாங்கியவுடன் ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: பெட்டிக்கு எந்தப் பிளாஸ்டிக்?

பதில்: பி.எல்.ஏ. அச்சிட எளிது, ஆனால் 60 டிகிரி செல்சியஸ் அளவில் இளகும். வெயிலில் மூடிக்கிடக்கும் காருக்குள் வைத்தால் கோணிவிடும். பி.இ.டி.ஜி. ஏறத்தாழ 80 டிகிரி வரையும் ஏ.பி.எஸ். 100 டிகிரிக்கு அருகிலும் தாங்கும். பிரின்டர் இல்லாதவர்கள் 2 முதல் 3 மி.மீ. ஏ.பி.எஸ். தகட்டை வெட்டி அசிட்டோனால் ஒட்டலாம். அதே தகட்டின் துண்டுகளை அசிட்டோனில் கரைத்த குழம்பே இடுக்குகளை அடைக்கும் பூச்சாகவும் ஆகும். இரு பாதிகளும் சேரும் விளிம்பில் ஒன்றினுள் ஒன்று செருகும் 1 மி.மீ. உதடு விடுங்கள். பிளாஸ்டிக்கில் நேரடியாக ஸ்குரூ திருகினால் நாலைந்து முறை திறப்பதற்குள் மரை தேய்ந்துவிடும் என்பதால், சூடாக்கி இறக்கும் பித்தளை மரைகளைப் பயன்படுத்துங்கள். இப்பெட்டியை நீங்கள் பலமுறை திறக்கத்தான் போகிறீர்கள்.

கேள்வி: கார்ட்ரிட்ஜ் செருகும் இடத்தைப் பின்பக்கத்துக்கு மாற்ற முடியுமா?

பதில்: முடியும். சேகாவின் 16 பிட் கன்சோலான மெகா டிரைவில் 64 முனைகள், நின்டென்டோவின் அமெரிக்க 8 பிட் கன்சோலில் 72 முனைகள். ஒவ்வொன்றையும் தனி வயரால் நீட்டிச் சால்டர் செய்ய வேண்டும். பழைய ஹார்டு டிஸ்க்கின் தட்டை கேபிள் இதற்கு ஏற்றது. வயர் நீள நீள விளையாட்டு உறைவதும் படம் சிதறுவதும் கூடும் என்பதால், இயன்ற அளவு குட்டையாக வையுங்கள்.

கேள்வி: இவ்வளவு பாடு எதற்கு, பழைய விளையாட்டுகளை மென்பொருளால் ஓட்டும் ராஸ்பெரி பை என்ற சிறு கணினி போதாதா?

பதில்: விளையாடுவதுதான் நோக்கம் என்றால் போதும். 2021இல் வந்த ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ 65 மி.மீ.க்கு 30 மி.மீ. அளவே உள்ளது, வெப்பமும் குறைவு, பெட்டியும் மெலியும். தன் கார்ட்ரிட்ஜைச் செருகி, அந்தக் கால சிப்புகளிலேயே ஓட்ட வேண்டும் என்பவர்களுக்கே முன்சொன்ன வழி. அவர்களும் நன்றாக ஓடும் அரிய கன்சோலை அறுக்க வேண்டாம். கூடு உடைந்து போர்டு மட்டும் நன்றாக உள்ளதைத் தேடிப் பிடிக்கலாம்.

கேள்வி: பி.ஏ.எம். 8403 ஒலிப்பெருக்கி போர்டு வைத்தேன். ஸ்பீக்கர் நன்றாகப் பாடுகிறது. ஹெட்போனைச் செருகினால் ஒலி கோளாறாகிறது, போர்டும் சுடுகிறது.

பதில்: அந்தச் சிப்பில் ஒவ்வொரு ஸ்பீக்கரின் இரு முனைகளும் தனித்தனியே இயக்கப்படுகின்றன, எந்த முனையும் கிரவுண்ட் ஆகாது. ஹெட்போன் ஜாக்கிலோ இடம், வலம் இரண்டுக்கும் பொதுவான கிரவுண்ட் இருப்பதால், ஸ்பீக்கர் முனைகளை அதில் இணைத்தவுடன் சிப்பின் வெளியீடுகள் ஒன்றோடொன்று குறுக்கே இணைந்துவிடுகின்றன. ஹெட்போனுக்கான ஒலியை அந்தப் போர்டுக்கு முன்னரே பிரித்தெடுத்து, ஒரு சிறிய தனி ஹெட்போன் ஆம்ப்ளிபயர் வழியாக ஜாக்குக்குக் கொடுங்கள். செருகியதும் ஸ்பீக்கர் அணைய வேண்டுமானால், உள்ளே ஸ்விட்ச் உள்ள ஜாக்கை வாங்கி, அதன் மூலம் 8403 போர்டுக்குச் செல்லும் 5 வோல்ட்டைத் துண்டிக்கலாம்.