ஆன்லைனில் படித்த நர்சிங் டிகிரியை மேட்ரன் மதிப்பாரா?

கேள்வி: அக்கா, பினாங்கில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். டிப்ளோமா முடித்து நான்கு வருடமாகிறது. ஷிஃப்ட் வேலை, தினமும் பாலம் தாண்டி வரவேண்டும், வேலையை விட்டுவிட்டுப் படிக்க வழியில்லை. ஆன்லைனில் டிகிரி செய்யலாம் என்றால், "அதையெல்லாம் யார் மதிப்பார்கள்" என்கிறார் நாத்தனார். உண்மையா?
- பட்டர்வொர்த் வாசகி

பதில்: எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவப் பரீட்சை) முடித்த பிள்ளை ஒருத்தி வீட்டில் உட்கார்ந்தே நர்ஸ் ஆகப் போகிறேன் என்றால் உங்கள் நாத்தனார் சொல்வது சரி. வார்டில் போஸ்டிங், அதாவது நேரடிப் பயிற்சி, போகாமல் மலேசியத் தாதியர் வாரியத்தில் பதிவு கிடைக்காது, பதிவு இல்லாமல் யாரும் வேலைக்கு எடுக்க மாட்டார்கள். உங்கள் கதை வேறு, தங்கச்சி. நீங்கள் போஸ்டிங் முடித்து, வாரியப் பரீட்சை எழுதி, நான்கு வருடம் நைட் ஷிஃப்டும் பார்த்தாயிற்று. உங்களைப் போல ஏற்கனவே பதிவு பெற்றவர்களுக்கென்றே டிகிரி இருக்கிறது, 2000-இல் தொடங்கிய மலேசியத் திறந்தவெளிப் பல்கலைக்கழகம்கூட நடத்துகிறது.

நான் வார்டு சிஸ்டராக இருந்தபோது நேர்காணல்களில் உட்கார்ந்திருக்கிறேன். முதலில் பார்ப்பது அந்த வருடத்து ஏ.பி.சி., அதாவது வருடா வருடம் புதுப்பிக்கும் தொழில் சான்றிதழ், அடுத்து எந்த வார்டில் எத்தனை வருடம், போஸ்ட் பேசிக் என்ற சிறப்புப் பிரிவுப் பயிற்சி ஏதாவது உண்டா என்பது. ஐ.சி.யு.வுக்கு ஆள் தேடும் மேட்ரனுக்கு போஸ்ட் பேசிக் முடித்தவர் கிடைத்தால் போதும், டிகிரியை எப்படிப் படித்தாய் என்று கேட்கக்கூட நேரமிருக்காது. நான் மட்டும் ஒன்று கேட்பேன்: படிக்கும்போது என்ன ஆய்வு செய்தாய்? தன் வார்டில் நோயாளிகள் கட்டிலிலிருந்து விழுவதைப் பற்றிச் செய்தேன் என்று ஒருத்தி கடகடவென்று சொன்னாள், அவள் படித்தது தொலைநிலையில்தான். கேம்பஸில் படித்த இன்னொருத்திக்குத் தலைப்பே ஞாபகம் வரவில்லை!

வெளிநாட்டுப் பெயரில் வரும் மலிவான ஆன்லைன் டிகிரிகளிடம்தான் ஜாக்கிரதை. பணம் கட்டுமுன் எம்.கியூ.ஏ. (மலேசியத் தகுதி அங்கீகார அமைப்பு) பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயரைத் தேடிப் பாருங்கள், கல்லூரியின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் அது தனிக் கணக்கு. அங்குள்ள வாரியங்கள் உங்கள் டிப்ளோமா காலத்து கிளினிக்கல் மணிநேரத்தைத்தான் துருவிப் பார்க்கும், அதனால் கல்லூரியிலிருந்து டிரான்ஸ்கிரிப்ட்டை இப்போதே வாங்கி வையுங்கள். பிரிட்டன் என்றால் ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு வேறு, எழுத்தில் 6.5, வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் 7 எடுக்கவேண்டும்.

அப்புறம், டிகிரி முடித்தால் சம்பளம் ஏறுமா என்று எச்.ஆரில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். சில தனியார் மருத்துவமனைகளில் டிகிரி வாங்கினாலும் அதே ஸ்டாஃப் நர்ஸ், அதே சம்பளம்தான். ரோஸ்டர் போடுபவரிடமும் பேசுங்கள், வகுப்பு இருக்கும் வார இறுதிக்கு முந்தின இரவு நைட் ஷிஃப்ட் விழுந்தால் ஆன்லைனாக இருந்தாலும் கண் சொக்கத்தான் செய்யும். கட்டணத்துக்கு ஈ.பி.எஃப். சேமநிதிப் பணத்தை எடுக்கலாம், ஆனால் நாத்தனாரிடம் அதைச் சொல்லாதீர்கள்.