அடகிலிருந்து மீண்ட கோப்பை

வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: உலகக் கோப்பைக் கால்பந்து 1930-இல் உருகுவேயில் தொடங்கியது என்றுதான் நாங்கள் படித்திருக்கிறோம். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்தின் கிராமத்து அணி ஒன்று உலகக் கோப்பையை வென்றுவிட்டது என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார். இதில் உண்மை உண்டா?
– வாசகர், திருச்சி

பதில்: நீங்கள் படித்தது சரி, நண்பர் சொல்வதும் முழுக்கக் கட்டுக்கதை அல்ல. அவர் குறிப்பிடுவது வெஸ்ட் ஆக்லாந்து அணியாகத்தான் இருக்க வேண்டும். பெயரைக் கேட்டதும் நியூசிலாந்து நினைவுக்கு வரலாம். இந்த ஊர் இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹாம் வட்டாரத்தில், நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த ஒரு சிற்றூர். தேயிலை வணிகத்தில் பெரும் பணம் ஈட்டிய சர் தாமஸ் லிப்டன், 1909-இல் இத்தாலியின் டுரின் நகரில் நடந்த பன்னாட்டுப் போட்டிக்குத் தம் பெயரில் ஒரு வெள்ளிக் கோப்பையை வழங்கினார். இத்தாலி, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து நாடுகளின் அணிகள் வந்தன. இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் அணி அனுப்ப மறுத்துவிட்டதால், வடக்கு லீக்கில் ஊதியமின்றி ஆடிக்கொண்டிருந்த இந்தச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு அழைப்புப் போனது. அரையிறுதியில் ஸ்டட்கார்ட் அணியையும், இறுதியாட்டத்தில் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் அணியையும் 2–0 என்ற ஒரே கணக்கில் வென்று அவர்கள் கோப்பையோடு ஊர் திரும்பினார்கள்.

1911-இல் மீண்டும் சென்று, இறுதியாட்டத்தில் ஜுவென்டஸ் அணியை 6–1 என்று தோற்கடித்தார்கள். பிற்காலத்தில் ஐரோப்பாவின் பெரும் பெயர்களுள் ஒன்றாக வளர்ந்த அதே ஜுவென்டஸ்தான். இரண்டு முறை தொடர்ந்து வென்றதால் கோப்பை அவர்களுக்கே சொந்தமாயிற்று. ஆயினும் இது நாடுகளின் அணிகள் மோதிய போட்டி அன்று. மன்றங்களுக்கு இடையிலான போட்டி. டுரினிலேயே 1908-இல் இதைப் போன்ற ஒரு பன்னாட்டுப் போட்டி நடந்திருக்கிறது. ஆகவே ‘முதல் உலகக் கோப்பை’ என்ற பட்டத்தை அந்த ஊர்க்காரர்களின் பெருமையாக ஏற்றுக்கொள்ளலாமே தவிர, வரலாற்றுத் தீர்ப்பாகக் கொள்ள முடியாது.

கேள்வி: இவ்வளவு பெரிய வெற்றி பெற்ற அணி அடுத்த ஆண்டே கலைந்துபோனது என்று படித்தபோது நம்ப முடியவில்லை. எதனால் அப்படி நடந்தது? பிறகு எப்படி மீண்டது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இந்தக் கதையில் என் மனத்தை மிகவும் தொட்ட பகுதியையே கேட்டிருக்கிறீர்கள், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

டுரினுக்குப் போய்வரும் செலவை யாரும் முழுதாக ஏற்கவில்லை. வீரர்கள் வாரக் கூலியை நம்பி வாழ்ந்தவர்கள்; சுரங்கத்துக்குள் இறங்காத நாளுக்குக் கூலி கிடையாது. முதல் பயணத்துக்காகச் சிலர் வீட்டுப் பொருள்களை விற்றும் அடகு வைத்தும் பணம் திரட்டினார்கள் என்பது அவ்வூரில் இன்றும் சொல்லப்படும் செய்தி. ரயிலிலும் கப்பலிலுமாக இங்கிலாந்தைக் கடந்து, பிரான்சைக் கடந்து, இத்தாலி வரை சென்று திரும்புவது, நிலக்கரி வெட்டிக் காய்த்த கைகளுக்கு எவ்வளவு பெரிய செலவு என்பதை, திருவிழாவுக்கு ஊர் போய்வரக் கடன் வாங்கும் நம் வீடுகளுக்கு விளக்க வேண்டியதில்லை. இரண்டாவது பயணம் முடிந்தபோது மன்றம் கடனில் ஆழ்ந்திருந்தது. கைவசம் இருந்த ஒரே மதிப்புள்ள பொருள் அந்த வெள்ளிக் கோப்பை. மன்றத்தினர் கூடிவந்த உள்ளூர் விடுதியின் பொறுப்பாளரான பெண்மணியிடம் அதை ஒப்படைத்து, 40 பவுண்டு பெற்றார்கள். இத்தாலியில் தோள்மீது தூக்கிக் கொண்டாடிய கோப்பை, கடனுக்கு ஈடாகக் கைமாறிவிட்டது. 1912-இல் மன்றமும் கலைந்தது.

அந்த ஆண்டு மார்ச்சில்தான் பிரிட்டன் முழுவதும் சுரங்கத் தொழிலாளர்கள் குறைந்தபட்சக் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். வீட்டு அடுப்பே எரியாத வாரங்களில் பந்தாட்ட மன்றத்துக்குச் சந்தா கேட்டு யாரும் கதவைத் தட்டியிருக்க முடியாது.

இரண்டே ஆண்டுகளில், 1914-இல், ‘வெஸ்ட் ஆக்லாந்து டவுன்’ என்ற பெயரில் அணி மறுபடி பிறந்தது. அதே ஆண்டில் முதல் உலகப் போரும் வந்தது. சிறிய வட்டார லீக்குகளில் ஆடி, மெல்ல மெல்ல வலுப்பெற்று, 1934-இல் வடக்கு லீக்குக்குத் திரும்பினார்கள். உலகின் மிகப் பழைய லீக்குகளில் ஒன்றான அதில் மறுபடி ஓர் இடம் பெற, கலைந்த நாளிலிருந்து 22 ஆண்டுகள் ஆயின. ஆனால் கோப்பை மட்டும் வரவில்லை. அடகு வைத்த நகை மூழ்கிப்போனால் அதைப் பற்றிப் பேசவே கூசும் குடும்பங்களை நமக்குத் தெரியும். வெஸ்ட் ஆக்லாந்து அப்படி மறந்துவிடவில்லை. 1960-இல், கோப்பை அந்தப் பெண்மணியிடமே பத்திரமாக இருப்பதை அறிந்து, ஊரார் கூடி 100 பவுண்டு திரட்டிக் கொடுத்து அதை மீட்டார்கள். நாற்பதுக்குப் போனது, ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து நூறுக்குத் திரும்பியது. கோப்பையைத் தூக்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழ்ந்த ஊர் அது.

அந்த 1959–60 பருவத்திலேயே வடக்கு லீக் பட்டமும் அவர்கள் கைக்கு வந்தது. அடுத்த பருவத்திலும் வந்தது. 1961-இல் ஊதியமின்றி ஆடும் அணிகளுக்கான அமெச்சூர் கோப்பையின் இறுதியாட்டத்துக்காக லண்டனின் புகழ்பெற்ற வெம்ப்ளி திடலில் இறங்கி, வால்தம்ஸ்டோ அவென்யூ அணியிடம் 2–1 என்று தோற்றார்கள். தோல்விதான் என்றாலும், ஒரு சுரங்கத்து ஊருக்கு வெம்ப்ளியின் புல்லை மிதித்ததே வாழ்நாள் பேச்சு. மன்றத்தின் மறுவாழ்வு 1914-இல் தொடங்கியது என்று ஏடுகள் குறிக்கும். என் கணக்கில் அது நிறைவடைந்தது, ஊரார் அந்த 100 பவுண்டை எண்ணிக் கொடுத்த நாளில்.

கேள்வி: வுல்விச் ஆர்சனல் என்ற பெரிய அணிக்குப் போக வேண்டிய அழைப்பு, ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் (W.A.) ஒன்றாக இருந்ததால் தவறி வெஸ்ட் ஆக்லாந்துக்குப் போய்விட்டது என்கிறார்களே?
– வாசகர், மதுரை

பதில்: சுவையான கதை, சான்று இல்லை. தற்செயலாக வந்தவர்கள் என்று சொன்னால் கதைக்கு நிறம் கூடுகிறது என்பதால் இது பரவியிருக்கலாம். தவறி வந்தவர்கள் இரண்டாம் முறையும் போய் ஆறு கோல் அடித்துவிட்டு வர மாட்டார்கள்.

கேள்வி: சுரங்கங்கள் மூடிய பிறகும் அந்த மன்றம் இருக்கிறதா? கோப்பையை நேரில் பார்க்க முடியுமா?
– வாசகர், நெய்வேலி

பதில்: மன்றம் இருக்கிறது, அசல் கோப்பை இல்லை. ஊரின் தொழிலாளர் மன்றக் கட்டடத்தில் வைத்திருந்த கோப்பை 1994 ஜனவரியில் திருடுபோயிற்று. இன்றுவரை கிடைக்கவில்லை. அதே வடிவில் புதிதாகச் செய்த நகலைத்தான் இப்போது வைத்திருக்கிறார்கள். அரும்பாடுபட்டு மீட்ட ஒரு பொருள் இப்படிப் போனதை எழுதும்போது எனக்கே நெஞ்சு கனக்கிறது.

டர்ஹாம் வட்டாரத்தின் கடைசிச் சுரங்கங்கள் 1990-களின் தொடக்கத்தில் மூடப்பட்டன. நிலக்கரி போனதும் பல ஊர்களில் கடைகளும் மன்றங்களும் அதோடு போயின. வெஸ்ட் ஆக்லாந்தில் பந்தாட்டம் நிற்கவில்லை. சிறு மன்றங்களுக்கான எஃப்.ஏ. வாஸ் கோப்பையின் இறுதியாட்டத்தை 2012-இலும் 2014-இலும் எட்டி, இரண்டு முறையும் வெம்ப்ளியில் தோற்றார்கள். நூற்றாண்டையொட்டி 2009-இல் இத்தாலி சென்று ஜுவென்டஸின் இளையோர் அணியுடன் ஆடிவிட்டும் வந்தார்கள். ஊர்ப் பொதுவெளியில் அந்த வெற்றியின் நினைவாக 2013 முதல் ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது.

கேள்வி: எங்கள் ஊருக்கு மேலே ‘லிப்டன் சீட்’ என்ற மலைமுகடு இருக்கிறது. கோப்பை கொடுத்தவர் அந்த லிப்டன்தானா?
– வாசகி, அப்புத்தளை

பதில்: அவரேதான். கிளாஸ்கோவில் மளிகைக் கடை வைத்து வளர்ந்த லிப்டன், 1890-இல் இலங்கைக்கு வந்து உங்கள் பகுதியின் தம்பேத்தன்ன தோட்டம் உள்ளிட்ட நிலங்களை வாங்கினார். தோட்டத்தைத் தாமே வைத்துக்கொண்டு, தேயிலையைச் சிறு பொட்டலங்களாக்கிக் குறைந்த விலையில் பிரிட்டனின் தொழிலாளர் வீடுகளுக்கு விற்றார். அந்தக் கொழுந்தைப் பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போன உங்கள் முன்னோர். கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி, பனியிலும் சரிவிலும் நின்று, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளியவர்கள். டர்ஹாமின் சுரங்கத் தொழிலாளி பொழுது சாய்ந்து வீடு திரும்பிக் குடித்த தேநீரும், அவர் டுரினில் தூக்கிய வெள்ளிக் கோப்பையும், இந்தக் கொழுந்து ஈட்டித் தந்த செல்வத்தோடு தொடர்புடையவை. அந்தக் கோப்பையைப் பற்றிய பேச்சில் லிப்டனின் பெயர் வருகிறது, வீரர்களின் பெயர் வருகிறது. கூடை சுமந்தவர்கள் வருவதில்லை. அதனால்தான் உங்கள் கேள்வியைக் கண்டதும் மகிழ்ந்தேன்.

தோட்டத்து மைதானங்களில் ஆடிய அணிகளைப் பற்றியும், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் சந்தா திரட்டிப் பந்து வாங்கியதைப் பற்றியும் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஏதேனும் சொல்லியிருந்தால், கேட்டு எழுதி அனுப்புங்கள். பழைய படம் ஒன்று இருந்தாலும் சேர்த்து அனுப்புங்கள். அடுத்த இதழ்களில் இடம் ஒதுக்குகிறோம்.