ஓய்வெடுத்தும் விடாத கவட்டை வலி

கேள்வி: பெருந்துறை பக்கம் கபடி ஆடுகிறேன், ரெய்டர், வயது 22. இரண்டு மாதமாக வலது கவட்டையில் வலி. இரண்டு வாரம் சும்மா இருந்தால் போய்விடுகிறது. களத்தில் இறங்கினால் இரண்டாவது ரெய்டிலேயே பிடித்துக்கொள்கிறது. சுளுக்கும் வழித்துப் பார்த்தாயிற்று. குடலிறக்கமோ என்று அம்மா பயப்படுகிறார். பொங்கல் போட்டிக்கு ஆறு வாரம் இருக்கிறது, ஆடலாமா?

பதில்: தம்பி, உள்தொடைத் தசை இடுப்பெலும்பில் ஒட்டும் இடம் நொந்திருக்கவே வாய்ப்பு அதிகம். போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டும்போதும், பிடிபட்ட காலை இழுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்குப் பாயும்போதும் இழுப்பெல்லாம் அங்கேதான் விழும். ராத்திரிப் போட்டிகளில் ஒரு ஆட்டம் முடிந்து, மணிக்கணக்கில் உட்கார்ந்து உடம்பு ஆறிய பிறகு அப்படியே இறங்குகிறீர்களே, அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

மல்லாக்கப் படுத்து, காலை நீட்டி, இரு கணுக்கால்களுக்கு நடுவே ஒரு ஃபுட்பாலை வைத்து ஐந்து விநாடி முழுபலத்தோடு அழுத்திப் பாருங்கள். வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள்? இரண்டுக்குள் என்றால் பயமில்லை. ஆறோ அதற்கு மேலோ என்றால் ஆட்டத்தை நிறுத்துங்கள்.

ஓய்வில் வலி அடங்கும், ஆனால் தசைக்குப் பலம் வராது. அதனால்தான் திரும்பத் திரும்ப வருகிறது. 1999இல் வெளியான டென்மார்க் ஆய்வில், பலப்படுத்தும் பயிற்சி செய்த 29 வீரர்களில் 23 பேர் வலியில்லாமல் பழையபடி ஆடினார்கள். மசாஜ், லேசர் போன்ற சிகிச்சை பெற்ற 30 பேரில் 4 பேர்தான். சுளுக்கு வழிப்பதை இதோடு விட்டுவிடுங்கள்.

அதே பந்தை 30 விநாடி அழுத்திப் பிடிப்பது, பத்து முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டு வாரம் கழித்து, ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் திண்ணையில் வைத்து இடுப்பைத் தூக்குங்கள். முதல் சில நாள் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பக்கத்தில் இருந்து பார்ப்பது நல்லது. லேசான வலி இருந்தால் பரவாயில்லை.

அம்மாவின் பயத்துக்கு வருவோம். இருமும்போது அங்கே புடைத்து, படுத்தால் உள்ளே போனால் அறுவை சிகிச்சை மருத்துவரைப் பாருங்கள். புடைப்பு உள்ளே போகாமல் வலித்தாலோ, விரையில் திடீரென்று கடும் வலி வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விரை முறுக்கிக்கொண்டால் ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்வது முக்கியம். இடுப்பு மூட்டை மடக்கித் திருப்பும்போது வலித்தால் எக்ஸ்ரே தேவைப்படும்.

சரி, பொங்கல் போட்டி. தசை தேற எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். இந்த வருடம் வேண்டாம், தம்பி. நேராக ஓடுவது, அப்புறம் வெட்டித் திரும்புவது, கடைசியாகத்தான் ரெய்டு என்று மாசிக்குள் திரும்பி வந்துவிடலாம்.